கொத்தி எருப் போடும் காலம்

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு (மூன்றாம் ஆண்டு)
விடுதலைப் பயணம் 3:1-8, 13-15, 1 கொரிந்தியர் 10:1-6, 10-12, லூக்கா 13:1-9



இன்று நாம் கேட்ட வாசகங்களில் ஒரு புதரும் ஒரு மரமும் வருகின்றன. ஓரேபு மலையில் ஒரு முட்புதர்; திராட்சைத் தோட்டத்துக்குள் ஓர் அத்தி மரம். புதர் எரிகிறது, ஆனால் கருகவில்லை. மரம் செழிப்பாகத்தான் நிற்கிறது, ஆனால் காய்க்கவில்லை. புதரின்முன் மோசே செருப்பைக் கழற்றுகிறார். மரத்தடியில் ஒரு தோட்டக்காரர் நின்று முதலாளியிடம் தவணை கேட்கிறார்.

இந்த இரண்டோடு இன்று இன்னொரு மரத்தையும் சேர்த்துப் பார்ப்போம். அது விவிலியத்தில் இல்லை. நம் ஊரிலும் இல்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு சிறு தீவில் மட்டுமே வளர்ந்த மரம். அதன் கதை தெரிந்தால் மோசே ஏன் செருப்பைக் கழற்றினார், தோட்டக்காரர் எதற்காகத் தவணை கேட்டார் என்பதெல்லாம் நமக்கு இன்னும் கிட்டத்தில் வரும்.

மொரீசியஸ் நாட்டைச் சேர்ந்த அந்தத் தீவின் பெயர் ரோட்ரிக்ஸ். மொரீசியஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 600 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பரப்பு 110 சதுர கிலோமீட்டர்கூட வராது. நம் தாலுகா ஒன்றைவிடச் சிறியது. மக்கள் நாற்பதாயிரத்துச் சொச்சம். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கத்தோலிக்கர். 1930-களில் அங்கே புனித கபிரியேல் ஆலயம் எழும்பியபோது ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும் கல்லும் மணலும் சுமந்து வந்து கட்டினார்கள். 1989 அக்டோபரில் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அந்தச் சின்னத் தீவுக்கும் போய் மக்களைச் சந்தித்தார். ஆக, பக்தியில் குறைந்த மக்கள் அல்லர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த இடத்துக்கு வருவேன்.

அந்தத் தீவின் மரத்தை ஊரார் கஃபே மரோன் என்கிறார்கள். காட்டுக் காப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பிச் செடியின் குடும்பம். நம் ஊர் நுணாவும், கோயில் வாசலில் நட்டிருக்கும் இட்லிப்பூச் செடியும் அதே குடும்பம்தான். வெள்ளை வெளேரென்று ஐந்து இதழில் நட்சத்திரம் போலப் பூக்கும். அதைவிட வியப்பு அதன் இலை. கன்றாக இருக்கும்போது இலை ஒடுங்கி, நீண்டு, பழுப்பு நிறமாகத் தொங்கும். நடுநரம்பு மட்டும் இளஞ்சிவப்பாக ஓடும். பார்த்தால் காய்ந்த சருகு என்றே நினைப்போம். மரம் வளர்ந்து உயர்ந்த பிறகு வரும் இலையோ அகலமாய், பச்சைப் பசேலென்று வேறொரு மரத்தின் இலைபோல இருக்கும்.

எதற்கு இந்த இரட்டை வேடம்? அந்தத் தீவில் ஒரு காலத்தில் இராட்சத ஆமைகள் இருந்தன. ஆமை தரையோடு மேயும். கழுத்தை எட்டுமட்டும் நீட்டித் தழையைக் கடிக்கும். ஆமையின் வாய் எட்டும் உயரம்வரை சருகாகத் தோற்றம் காட்டி, எட்டாத உயரம் வந்ததும் பச்சை விரிக்கிறது என்று தாவரவியலார் கருதுகிறார்கள். ஆமையும் பிழைக்க வேண்டும், மரமும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் வழி வைத்த படைப்பாளரின் நுணுக்கத்தை அந்த ஓர் இலையில் பார்க்கலாம்.

1691-இல் பிரான்சிலிருந்து மதத்தின் பொருட்டு வெளியேறிய பிரான்சுவா லெகா என்பவர் சில தோழர்களோடு அந்தத் தீவில் இறங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆமைகள் நெருக்கியடித்துக் கிடந்ததால் தரையில் கால் படாமல் ஓடுகளின்மேலேயே நடந்து போகலாம் என்கிற அளவுக்கு அவர் எழுதிவைத்திருக்கிறார். சாலிட்டேர் என்ற பறக்க முடியாத பெரிய பறவையும் அங்கே இருந்தது. அடுத்த நூற்றாண்டில் கப்பல்கள் வந்தன. ஆமைகளை ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு மொரீசியஸுக்குப் போயின. மாலுமிகளுக்கு இறைச்சி, நோயாளிகளுக்குச் சூப்பு. 1800-க்குள் ஆமை இனமே முடிந்துபோயிற்று. பறவை அதற்கும் முன்பே போய்விட்டது. அதன்பின் காட்டின் முறை. தீ வைத்தார்கள், வெள்ளாமை செய்தார்கள், விறகு வெட்டினார்கள். ஆடும் மாடும் மிச்சமிருந்த கன்றுகளை மேய்ந்தன. வெளியிலிருந்து கொண்டுவந்த மரங்கள் காலியான இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆமைக்குத் தப்ப வழி தெரிந்த மரத்துக்கு வெள்ளாட்டுக்கும் கோடரிக்கும் தப்ப வழி தெரியவில்லை.

1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் கணக்கிட ஆங்கிலேய அறிஞர் குழு ஒன்று அங்கே போனது. குழுவோடு சென்ற ஐசக் பால்ஃபர் என்ற 21 வயது இளைஞர், மற்றவர்கள் வானத்தைப் பார்க்க, தரையைப் பார்த்தார். தீவின் செடிகொடிகளைத் தேடிச் சேகரித்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவில் நம் காட்டுக் காப்பியும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அதைக் கண்டவர் எவரும் இல்லை. அழிந்துவிட்டது என்றே முடிவு செய்தார்கள்.

1980 வாக்கில் அந்தத் தீவின் பள்ளி ஆசிரியர் ஒருவர், தீவுக்கே உரிய அபூர்வச் செடிகளைத் தேடிப் பாருங்கள் என்று மாணவர்களை அனுப்பினார். ஒரு பையன் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தான். விசாரித்துப் பார்த்தால், அழிந்ததாகக் கருதப்பட்ட அதே மரம்! சாலையோரத்தில், ஆடு கடித்த புதராக, தனியே நின்றுகொண்டிருந்தது. தீவு முழுவதும் தேடினாலும் இரண்டாவது மரம் கிடைக்கவில்லை. உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அன்பார்ந்தவர்களே, முதல் வாசகத்துக்குத் திரும்புவோம். மோசே அப்போது பெரிய தலைவர் அல்லர். மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். வழியில் ஒரு புதர். பாலைவனத்தில் புதருக்கா பஞ்சம்? ஆனால் மோசே அதைத் தாண்டிப் போகவில்லை. அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று திரும்பினார். அவர் அப்படித் திரும்பி வருவதைக் கண்ட பிறகுதான் கடவுள் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார் என்று விடுதலைப் பயண நூல் தெளிவாகச் சொல்கிறது. எகிப்திலிருந்து ஒரு மக்கள் இனம் விடுதலை பெற்ற வரலாறு, ஒரு மனிதர் வழியில் நின்று ஒரு புதரைக் கவனித்ததில் தொடங்குகிறது.

ரோட்ரிக்ஸின் அந்தச் சாலையில் எத்தனை பேர் போயிருப்பார்கள்! வண்டியில் போயிருப்பார்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள், பூசைக்குக்கூடப் போயிருப்பார்கள். நின்று பார்த்தது ஒரு பையன். மனமாற்றம் என்று தவக்காலம் முழுவதும் பேசுகிறோம். அழுவதும் மார்பில் அடித்துக்கொள்வதும் பிறகு. போகிற போக்கில் தினமும் தாண்டிப் போவதை ஒருமுறை நின்று பார்ப்பது அதன் முதல் படி.

பார்த்தாயிற்று. அடுத்து என்ன? கிட்டே வராதே, முதலில் செருப்பைக் கழற்று என்று மோசேக்குக் கட்டளை. அதிசயத்தைக் கண்டதும் கையை நீட்டிப் பறிப்பது மனித சுபாவம். கடவுள் அந்தக் கையைத் தடுக்கிறார். ரோட்ரிக்ஸிலும் அதுதான் நடந்தது. மரம் கிடைத்துவிட்டது என்ற செய்தி பரவியதும் கூட்டம் வந்தது. குடித்த மறுநாள் தலைவலிக்கும், வெளியே சொல்லக் கூசும் நோய்களுக்கும் அது கைகண்ட மருந்து என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஆளுக்கொரு கிளை, ஆளுக்கொரு பிடி இலை. மரத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலியைத் தாண்டி உள்ளே போனார்கள். வேலிக்கு மேல் வேலி போட்டார்கள். நூறு ஆண்டாக யாருமே கவலைப்படாத மரம், கண்டுபிடிக்கப்பட்டதாலேயே சாகும் நிலைக்கு வந்தது.

இது எங்கோ தீவில் நடந்த கூத்து என்று சிரித்துவிடாதீர்கள். குறிஞ்சி பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் மலைக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறோம்? பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பூத்ததைக் கொத்துக் கொத்தாக ஒடித்து, படம் எடுத்து, இறங்கும் வழியில் எறிந்துவிட்டு வருகிறோம். ஒரு பொருள் அபூர்வம் என்று தெரிந்ததும் அது எனக்கு வேண்டும் என்று துடிக்கிறோமே, அந்தத் துடிப்பைத்தான் இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் குறிப்பிடுகிறார். பாலைநிலத்தில் இஸ்ரயேலர் இச்சைப்பட்டு அழிந்தது நமக்குப் பாடமாக எழுதப்பட்டது என்கிறார்.

1986-இல் அந்த மரத்திலிருந்து வெட்டிய சில குச்சிகளை விமானத்தில் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு குச்சி வேர் பிடித்தது. அதிலிருந்து குச்சி எடுத்து நட்டு வேறு செடிகளையும் உண்டாக்கினார்கள். கண்ணாடி வீட்டுக்குள், கதகதப்பில், நல்ல கவனிப்பில் செடி தழைத்தது. பூக்கவும் தொடங்கியது. அள்ளி அள்ளிப் பூத்தது. ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு, பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு.

நற்செய்தியில் வரும் முதலாளி மூன்று ஆண்டுகளிலேயே பொறுமை இழந்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தைக் கவனித்தீர்களா? காய்க்காத மரம் எதற்காக நிலத்தை வீணாக அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேட்கிறார். கணக்குப் பார்த்தால் நியாயமான கேள்விதான். இடம் அவருடையது, தண்ணீர் அவருடையது, கூலி அவர் கொடுக்கிறார். உலகத்தில் எந்தக் காடு அழிந்ததும் இந்த நியாயத்தைச் சொல்லித்தான். இடம் சும்மா கிடக்கிறதே, ஒரு பிரயோசனமும் இல்லையே என்று யாரோ ஒருவர் சொல்லுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

நம் பழனி மலையிலும் நீலகிரியிலும் பரந்து கிடந்த புல்வெளிகளை அப்படித்தான் தரிசு என்று கணக்கெழுதினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பிறகும் வாட்டில் மரமும் தைல மரமும் பைனும் வைத்து நிரப்பினார்கள். புல்வெளி மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. அந்தப் புல்லையும் சோலையையும் நம்பியிருந்த செடிகளுக்கு நிற்க இடம் இல்லாமல் போயிற்று. அந்த மலையின் செடிகொடிகளை வாழ்நாளெல்லாம் தேடித் தேடிப் பதிவு செய்தவர்களில் நம் குருக்கள் இருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை. செண்பகனூரில் இருந்த இயேசு சபைக் குரு அங்லாத் ஒவ்வொரு செடியாக வரைந்துவைத்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினாத் தாவர சேகரிப்பகத்தை நிறுவிய அருள்தந்தை கே.எம். மாத்யூ, பழனி மலைத் தாவரங்கள் பற்றிய தம் பெருநூலை 1999-இல் வெளியிட்டார். பலிபீடத்தில் நின்றவர்களின் கைகள்தாம் புல்லையும் பூண்டையும் தொட்டு அடையாளம் கண்டு எழுதின. இரண்டும் ஆண்டவருக்குச் செய்த பணிதான்.

நற்செய்திக்கு வருவோம். முதலாளி வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரர் எதிர்த்து வாதாடவில்லை. மரம் நல்ல மரம்தான் ஐயா என்று சப்பைக்கட்டுக் கட்டவும் இல்லை. இந்த ஓர் ஆண்டு விட்டுவையுங்கள்; நான் சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன்; காய்த்தால் சரி, இல்லையென்றால் வெட்டிவிடலாம் என்கிறார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தவணை கேட்டவர் தவணையின் செலவைத் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். கொத்தப் போவது அவர் கை. எருச் சுமக்கப் போவது அவர் தோள். மரம் சும்மா நிற்கப் போகிறது, வேர்வை அவருடையது. பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று நாம் நினைக்கிறோம். ஆண்டவர் சொல்லும் பொறுமைக்குக் கையில் மண்வெட்டி இருக்கிறது.

கியூ தோட்டத்தில் அப்படி ஒரு தோட்டக்காரர் வந்தார். ஸ்பெயின் நாட்டில் பிறந்த கார்லோஸ் மக்தலேனா. பூவில் மகரந்தம் இருக்கிறது, சூல் இருக்கிறது, ஆனால் இரண்டும் சேரவில்லை. எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று அவர் கருதினார். பூவின் சூல்முடி நுனியைக் கத்தியால் மெல்லச் சீவி, அந்த வெட்டுவாயில் மகரந்தத்தை வைத்தார். ஒரு பூவில் இல்லை, இரண்டு பூவில் இல்லை. பூக்கப் பூக்க அதே வேலை. சீவுவதும் வைப்பதும் காத்திருப்பதும் பூ உதிர்வதும் மறுபடி சீவுவதுமாக நாட்கள் போயின. 2003-இல் ஒரு காய் பிடித்தது. அதன் உள்ளே விதை இருந்தது. ஒற்றை மரத்தின் குச்சிகளாகவே இருந்த இனத்துக்கு முதல்முறையாகப் பிள்ளைகள் பிறந்தன. விதைகள் ரோட்ரிக்ஸுக்கும் திரும்பிப் போயின; அங்கே கன்றுகள் முளைத்தன.

பத்திரிகைகள் அவருக்குத் தாவரங்களின் மெசியா என்று பட்டம் கொடுத்தன. 2017-இல் அவர் எழுதிய புத்தகத்துக்கும் அதுவே தலைப்பு. நமக்கு மெசியா ஒருவர்தான். ஆனால் இன்றைய உவமையில் அந்த ஒருவரையே தோட்டக்காரராகக் காண்பது நெடுநாள் மரபு. பிதாவின்முன் நமக்காகப் பரிந்து பேசி, செலவைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர் அவர். உயிர்த்த ஞாயிறு காலையில் மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்ததாக யோவான் எழுதுகிறார். மரியா முழுக்கத் தவறிவிடவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. இந்தத் தவக்காலம் நமக்குக் கிடைத்திருக்கிறது என்றால், யாரோ நமக்காகக் கேட்டு வாங்கிய தவணை இது. பாவசங்கீர்த்தனமும் நோன்பும் சிலுவைப்பாதையும் அவர் நம் வேரடியில் கொத்திப் போடும் எரு.

ஆனால் கதையை இதோடு முடித்துவிட்டால் ஏமாந்துபோவோம். கண்ணாடி வீட்டில் மரம் பிழைத்திருப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் கண் விழித்திருப்பதைப் போன்றது. நல்ல செய்திதான், ஆனால் அவர் வீடு திரும்ப வேண்டும், திரும்பும்போது வீடு இருக்க வேண்டும். விதையை அனுப்பிவிடலாம், விழுந்த விதை முளைத்து நிற்க மண் வேண்டும், நிழல் வேண்டும், ஆடு மேயாத இடம் வேண்டும். அந்த மண்ணைக் கொன்றுவிட்டு, ஒரு செடியை மட்டும் தொட்டியில் காப்பாற்றி என்ன பயன்? ரோட்ரிக்ஸ் மக்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். கிராண்ட் மொன்தாஞ் என்ற மேட்டிலும், ஆன்ஸ் கித்தோர் பள்ளத்தாக்கிலும் இடம் ஒதுக்கி, வேற்று மரங்களை வேரோடு பிடுங்கி, தீவின் சொந்தக் கன்றுகளை ஒவ்வொன்றாக நட்டு, பல ஆண்டுகளாகக் காட்டைத் திரும்ப உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். களை பறிப்பதும் குழி தோண்டுவதும்தான் வேலை. செய்திகளில் வராத வேலை. மரங்கள் கூடக்கூட, அழியும் கட்டத்திலிருந்த அந்தத் தீவின் சின்னஞ்சிறு குருவி இனங்கள் இரண்டும் பெருகின.

இப்போது முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு வருகிறேன். இவ்வளவு பக்தியுள்ள மக்கள் வாழும் தீவிலா காடு அழிந்தது என்று கேட்கத் தோன்றும். அவர்கள்மேல் பழி போடுவது சுலபம். நற்செய்தியின் முதல் பகுதி அந்த வாயை அடைக்கிறது. பிலாத்து கொன்ற கலிலேயர் பற்றிச் சிலர் இயேசுவிடம் வந்து சொல்கிறார்கள். செத்தவர்கள் பெரும்பாவிகளாக இருந்திருப்பார்கள் என்று ஓர் எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. இயேசு அதை ஏற்கவில்லை. சீலோவாமில் கோபுரம் சரிந்து செத்த 18 பேரையும் அவரே எடுத்துச் சொல்லி, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெருங்குற்றவாளிகள் அல்லர் என்கிறார். பிறகு விரலைக் கேட்டவர்கள் பக்கமே திருப்புகிறார்: நீங்கள் மனம் மாறாவிட்டால் உங்களுக்கும் அதே கதிதான்.

ரோட்ரிக்ஸில் ஆமையை ஏற்றிப் போன கப்பல்காரர் உண்டு. அடிமைகளைக் கொண்டுவந்து காட்டை வெட்டவைத்த எசமானர் உண்டு. அடுப்பெரிக்க வேறு வழியில்லாமல் விறகு ஒடித்த ஏழை உண்டு. எல்லார்மேலும் ஒரே அளவுப் பழி இல்லை. ஆனால் நாம் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்று கேட்பதுதான் இயேசு நம்மிடம் எதிர்பார்ப்பது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா, உமக்கே புகழ்’ சுற்றுமடலின் 33-ஆம் பத்தியில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான உயிரினங்கள் மறைவதையும், நம் பிள்ளைகள் அவற்றைப் பார்க்கவே போவதில்லை என்பதையும் சொல்லி, அவை தம் இருப்பால் கடவுளுக்குக் கொடுத்த மகிமை நம்மால் நின்றுபோகிறது, அதை நிறுத்தும் உரிமை நமக்கு இல்லை என்று அழுத்தமாகக் கூறுகிறார். பயன்படுகிறதா இல்லையா என்பது நம் கணக்கு. இருப்பதே துதி என்பது கடவுளின் கணக்கு.

எனவே இந்த வாரத்துக்கு நாம் செய்ய வேண்டியவை சில.

முதலாவது, நம் பங்கிலிருந்தே தொடங்குவோம். நம் கல்லறைத் தோட்டத்தில் யாரும் நடாமல் தானாக முளைத்து நிற்கும் செடிகள் ஏராளம். ஊரெல்லாம் வீடாகவும் சிமெண்டுத் தரையாகவும் மாறிய பிறகு, நம் மண்ணின் பூண்டுகளுக்கு ஒதுங்க மிஞ்சிய இடம் அதுதான். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சுத்தம் செய்கிறோம் என்று களைக்கொல்லி மருந்தை அடித்து எல்லாவற்றையும் கருக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. இந்த ஆண்டு நம் கல்லறையில் மருந்து வேண்டாம். ஒவ்வொரு அன்பியமும் ஒரு பகுதியைப் பொறுப்பெடுத்து, கையால் களை பறித்து, விட்டுவைக்க வேண்டியதை விட்டுவையுங்கள். எது எந்தச் செடி என்று தெரியாவிட்டால் ஊரில் வைத்தியம் பார்த்த பாட்டிமாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மறைக்கல்விப் பிள்ளைகளையும் அனுப்புங்கள். அவர்களில் யார் எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, இன்னும் மூன்று வாரத்தில் குருத்து ஞாயிறு. ஓலைக்காக மரம் ஏறுகிறவர்களிடம், நடுக்குருத்தை அறுக்காமல் பக்கத்து ஓலையை எடுக்கச் சொல்லுங்கள். நடுக்குருத்துப் போனால் மரத்துக்குப் பெரிய நோவு. முற்றுகையிட்ட ஊரின் கனிமரங்களைக்கூட வெட்டக்கூடாது என்று இணைச்சட்டம் 20-ஆம் அதிகாரம் போர்வீரர்களுக்கே கட்டளையிடுகிறது. ஆண்டவரை ஓசன்னா பாடி வரவேற்கப் போகிற நமக்கு அது எவ்வளவு பொருந்தும்! ஆலய வளாகத்தில் வாகனம் நிறுத்த இடம் போதவில்லை, அந்த வேம்பும் புங்கமும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்று யாராவது பேச்செடுத்தால், இன்றைய நற்செய்தியை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, காய்க்காத மரம் என்று நாம் பட்டம் கட்டிவைத்திருக்கும் மனிதர்கள். கியூவில் அந்த மரம் பதினைந்து ஆண்டுக்கு மேல் காய்க்காததற்கு அதன் சோம்பல் காரணமல்ல. அது தனியாக இருந்தது. துணை இல்லை, தன் மண் இல்லை, உதவத் தெரிந்த கை அதுவரை கிடைக்கவில்லை. நம் குடும்பங்களிலும் அப்படித் தனித்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை இல்லாத பெண்ணை விசேஷத்தில் முன்னால் வரவிடாத வீடு இருக்கிறது. பரீட்சையில் தவறிய பையனைத் தினம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்துக் குத்திக்காட்டும் வீடு இருக்கிறது. குடியை விட முடியாமல் மறுபடி மறுபடி விழும் மனிதரைத் திருத்தவே முடியாது என்று கைகழுவிவிட்ட வீடு இருக்கிறது. வயதாகிப் படுத்துவிட்ட பெரியவரைப் பார்த்து, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறாரே என்று சத்தமாகச் சொல்லும் வீடும் இருக்கிறது. இவர்களுக்காக நீங்கள் தவணை கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்; கொத்தவும் எருப் போடவும் உங்கள் கை வேண்டும். அந்தப் பையனை ஒரு வாத்தியாரிடம் அழைத்துப் போவது எரு. குடிக்கிற தம்பியோடு மறுவாழ்வு மையத்துக்குத் துணைக்குப் போவது எரு. பெரியவரின் படுக்கையருகே உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்வது எரு.

உவமையின் முடிவை லூக்கா எழுதவில்லை. அத்தி காய்த்ததா, வெட்டப்பட்டதா என்று நமக்குத் தெரியாது. ரோட்ரிக்ஸ் மரத்தில் காய் பிடித்தது. நம் மரத்தில் பிடிக்குமா என்பது நம் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம்: தவணைக்கு ஒரு கெடு உண்டு. தோட்டக்காரரே அந்தக் கெடுவைச் சொல்லித்தான் கேட்டார். கடவுளின் இரக்கம் அளவில்லாதது என்பதற்காக நம் சோம்பலும் அளவில்லாமல் போகலாம் என்று அர்த்தமில்லை.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, இந்தப் பலியில் அப்பமாகவும் இரசமாகவும் நாம் ஒப்புக்கொடுக்கப் போவது மண் விளைவித்த கோதுமையும் திராட்சையும்தாம். அவற்றை ஆண்டவர் தம் உடலாகவும் இரத்தமாகவும் ஆக்கிக்கொள்ளத் திருவுளம் கொண்டிருக்க, மண்ணையும் அதன் விளைவையும் அற்பமாக நினைக்க நமக்கு வழியில்லை. காண்பவை அனைத்தையும் படைத்தவரை நம்புகிறோம் என்று இப்போது எழுந்து அறிக்கையிடப் போகிறோம். அந்த அறிக்கையை வாயால் சொல்லிவிட்டு, வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு மண்வெட்டியும் கூடையுமாக வாருங்கள். நானும் வருகிறேன். அங்கே அதைக் கையாலும் அறிக்கையிடுவோம். ஆமென்.